நாலாயிரம் ரூபாயில் அனிமே கவசம்: இரண்டு இடது தோள் செய்தவனின் பதில்

முழுக் கவசம் போட்ட அனிமே (ஜப்பானிய கார்ட்டூன்) பாத்திரமாக வேஷம் கட்ட நாலாயிரம் ரூபாய் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதும். எனக்கு 3,850 ஆனது. அதில் 700 ரூபாய் என் அவசரத்துக்கு நானே கட்டிய தண்டம், வருகிறேன்.

2024 பிப்ரவரியில் சென்னைக்கு முதன்முதலாக காமிக் கான் என்ற காமிக்ஸ், அனிமே ரசிகர் திருவிழா வந்தபோது, ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் தொடரின் அல்ஃபோன்ஸ் எல்ரிக்காகப் போனேன். ‘ஆறடிக்கு மேல் இரும்புச் சட்டை, உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?’ என்றார்கள் நண்பர்கள். ஆனால் காசில்லாதவனுக்கு இவன்தான் தோது. முகமே வெளியே தெரியாது. விக், லென்ஸ், மேக்கப் மூன்றும் மிச்சம்.

கவசம் முழுக்க ஈ.வி.ஏ. ஃபோம், ரப்பர் மாதிரி மெத்தென்ற ஷீட். காஸ்ப்ளே (இப்படி வேஷம் கட்டுவதற்குப் பெயர்) ஃபோம் என்று பெயர் ஒட்டி ஆன்லைனில் வருவதைத் தொடாதீர்கள். செருப்பு அடிப்பாகத்துக்குப் போடுவதும் இதே சரக்குதான். பெரியமேட்டில் செருப்பு, பை தைப்பவர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் தடிமன் சொல்லிக் கேளுங்கள். மார்புக்கும் தோளுக்கும் 10 மி.மீ., கைகளுக்கு 6, விளிம்புப் பட்டைக்கு 2. பசையும் செருப்புக்குப் பூசும் ரப்பர் பசைதான். இரண்டு பக்கமும் பூசி, தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அப்புறம் சேர்க்கணும். சேர்த்தால் சேர்த்ததுதான், நகராது. மொட்டை மாடியில் உட்கார்ந்து செய்யுங்கள், அந்த வாடை தலையைக் கிறுகிறுக்க வைக்கும்.

இனி அந்த 700. அளவெடுக்க, வீணாய்ப் போன ஒரு பனியனைப் போட்டுக்கொண்டு, உடம்பைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டச் சொன்னேன் தம்பியிடம். அதன் மேல் பேனாவால் கவசத்தின் கோடுகளை வரைந்து, முதுகுப் பக்கம் கத்தரித்துக் கழற்றினால் அதுவே வெட்டுமாதிரி. பாதி உடம்புக்கு எடுத்தால் போதும். மறுபாதிக்கு அதையே புரட்டிப் போட்டு வரையலாம். நான் புரட்ட மறந்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு இரண்டு இடது தோள் தயார். விளிம்பெல்லாம் ஒரு பக்கமாகச் சரித்து வெட்டியிருந்தேன், அதனால் திருப்பிப் போட்டும் பிரயோஜனமில்லை. மறுநாள் மறுபடி பெரியமேடு. அதன் பிறகு ஒவ்வொரு துண்டிலும் ‘இ’, ‘வ’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். நீங்கள் முதலில் பழைய அட்டைப்பெட்டியில் வெட்டி உடம்பில் வைத்துப் பாருங்கள். ஃபோம் தடிமனுக்காக ஒரு சென்டிமீட்டராவது கூட விடுங்கள், இல்லாவிட்டால் மார்பு மூடாது.

ஃபோமை வளைக்க, சூடான காற்று ஊதும் ஹீட் கன் வேண்டும். விலைக்கு வாங்காமல், வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடையில் ஒரு ஞாயிறு இரவல் வாங்கினேன். சூடு பட்டதும் ஃபோம் லேசாகப் பளபளக்கும். அப்போது வளைத்து, ஆறும்வரை பிடித்திருக்கணும். பிறகு வெள்ளை ஃபெவிகாலைத் தண்ணீர் விட்டு மூன்று தடவை பூசி, கறுப்பு அடித்து, ஸ்பாஞ்சில் கொஞ்சமே வெள்ளிப் பெயின்ட் தொட்டு ஒற்றினேன். மூலைமுடுக்கில் கறுப்பு நின்றதும் கல்யாண வீட்டுப் பழைய அண்டா மாதிரி ஆகிவிட்டது, அதுதான் வேண்டும். மடங்கும் இடத்தில் மட்டும் ஃபெவிகால் வேண்டாம். என் முழங்கை அரைமணியில் வெடித்தது.

தலைக்கு, கட்டட வேலைக்குப் போடும் மஞ்சள் ஹெல்மெட். உள்பட்டையை இறுக்கிக்கொள்ளலாம், வெளியே ஃபோம் ஒட்டலாம். பின்னால் தொங்கும் வெள்ளைக் குஞ்சத்துக்கு மூன்று நாள் அலைந்தேன். கடைசியில் பூஜைச் சாமான் கடையில் நைலான் வெண்சாமரம் கிடைத்தது. பிடியை அறுத்துச் செருகினேன், அச்சு அசல். இடுப்புத் துணி தாத்தாவின் பழைய வேட்டி.

துண்டு துண்டாகக் கழற்றும்படி வெல்க்ரோவும், பைகளில் வரும் கிளிப்பும் வையுங்கள். நான் இரண்டு கோணிப்பையில் கட்டி ஆலந்தூர் வரை மெட்ரோவில் போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்தேன். உள்ளே கொதிக்கும், தண்ணீர் குடிக்க ஸ்ட்ரா எடுத்துப் போங்கள். கதையில் அந்தக் கவசத்துக்குள் உடம்பே கிடையாது, உயிர் மட்டும்தான். மத்தியானம் பன்னிரண்டுக்கு அவன் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

அவன் உயிரைக் கட்டிவைத்திருப்பது, கவசத்தின் பிடரிக்கு உட்புறம் அவன் அண்ணன் தன் ரத்தத்தில் வரைந்த முத்திரை. யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் அக்காவின் நெயில் பாலிஷில் அதை வரைந்து வைத்திருந்தேன். சாயங்காலம் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்தான். “அண்ணா, உள்ள முத்திரை இருக்கா?”

தலையைக் கழற்றிக் குனிந்து காட்டினேன்.