சதுர அலையின் ஓரத்தில் நிற்கும் அந்தக் கொம்பு உங்கள் பிழை இல்லை

கேள்வி இதுதான்: "ஃபூரியர் தொடர் என்றால் என்ன? வளைந்து நெளிகிற சைன் அலைகளைக் கூட்டி, கூர்மையான மூலை உள்ள சதுர அலையை எப்படிக் கொண்டுவர முடியும்? எத்தனை உறுப்பு சேர்த்தால் போதும்? நான் வரைந்த படத்தில் ஓரத்தில் ஏதோ துருத்திக்கொண்டு நிற்கிறது, எங்கே தப்பு?"

கடைசி வரியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் நகர முடியவில்லை. அந்தத் துருத்தலால் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நீங்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டோ மூன்றாம் ஆண்டோ படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பலகையில் சூத்திரத்தை எழுதிப் போட்டிருப்பார்கள், தொகையீடு செய்து குணகம் கண்டுபிடிக்கச் சொல்லியிருப்பார்கள், நீங்களும் செய்திருப்பீர்கள். ஆனால் அது ஏன் வேலை செய்கிறது என்று யாரும் உட்கார்ந்து சொல்லியிருக்க மாட்டார்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நான் கணித ஆசிரியன் இல்லை, சுழலும் இயந்திரங்களின் அதிர்வை அளக்கிற வேலை பார்க்கிறவன். அதனால் சொல்லும் முறை கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கலாம், கணக்கு சரியாகத்தான் இருக்கும்.

ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்தால் அது காலமுறைச் சார்பு. அதை ஓர் அடிப்படை அலை, அதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் ஒன்று, மூன்று மடங்கில் ஒன்று என்று சைன், கொசைன் அலைகளின் கூட்டலாக எழுதுவதுதான் ஃபூரியர் தொடர். அப்படிச் சேர்க்கிற ஒவ்வோர் அலையும் தொடரின் ஓர் உறுப்பு; அது எவ்வளவு சேர வேண்டும் என்ற எண்தான் குணகம்.

அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு சுற்றை 360 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாதியில் மதிப்பு +1, இரண்டாம் பாதியில் −1. இதுதான் சதுர அலை. இதை ஒரு சைன் அலையோடு பெருக்கி, முழுச் சுற்றுக்கும் சராசரி எடுத்து, அதை இரண்டால் பெருக்குங்கள், குணகம் கையில். ஏன் இரண்டு என்றால், ஒரு சைன் அலையை அதே சைன் அலையோடு பெருக்கினால் சராசரி அரைதான் வரும். வேறு வேறு மடங்கு அலைகளைப் பெருக்கினால் சராசரி பூஜ்யம். ஒன்றின் கணக்கில் இன்னொன்று தலையிடாது என்பதைத்தான் புத்தகத்தில் செங்குத்துத்தன்மை என்று பெரிய பெயர் வைத்துச் சொல்கிறார்கள்.

இதைத் தொகையீடே இல்லாமல் கண்ணால் பார்க்கலாம். முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படை சைன் அலைக்கு அங்கே ஒரே ஒரு மேடு, அதன் சராசரி உயரம் 2/பை. இரண்டாம் பாதியில் சைனும் எதிர்க்குறி, சதுர அலையும் எதிர்க்குறி, பெருக்கினால் மறுபடி அதே மேடு. ஆக மொத்தச் சராசரி 2/பை, இரட்டித்தால் 4/பை, அதாவது 1.273. இப்போது இரண்டு மடங்கு அலையைப் பாருங்கள். பாதிக்குள் ஒரு மேடு, ஒரு பள்ளம், இரண்டும் அடித்துக்கொண்டு போய்விடும், குணகம் பூஜ்யம். மூன்று மடங்கு அலைக்கு மேடு, பள்ளம், மேடு. இரண்டு அடிபட்டுப் போக ஒரு மேடு மிஞ்சும், அதன் அகலம் மூன்றில் ஒரு பங்கு, எனவே குணகமும் மூன்றில் ஒரு பங்கு. ஐந்துக்கு ஐந்தில் ஒரு பங்கு. கோணத்தை 'க' என்று எழுதினால்:

(4/பை) × [சைன் க + (1/3) சைன் 3க + (1/5) சைன் 5க + …]

இதை எனக்கு யாராவது இப்படி மேடும் பள்ளமுமாகக் காட்டியிருந்தால் ஒரு பருவம் முழுக்கச் சூத்திரத்தை மனப்பாடம் செய்திருக்க மாட்டேன். சரி, அது போகட்டும்.

இனி என் கதை.

ஆய்வகத்தில் இதே தொடரைக் கணினியில் வரையச் சொன்னார்கள். டிகிரிக்கு ஒரு புள்ளி, ஒரு சுற்றுக்கு 360 புள்ளிகள். 5 உறுப்பு போட்டேன், அலை அலையாக ஒரு சதுரம் வந்தது, ஓரத்தில் ஒரு கொம்பு. 50 உறுப்பு போட்டேன். நடுப்பகுதி நன்றாகத் தட்டையானது, ஆனால் குதிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அதே கொம்பு, ஒல்லியாக, உயரம் கிட்டத்தட்ட அப்படியே. பயிற்றுநரிடம் காட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ப்ரோக்ராம்ல தப்பு இருக்கு, சரி பண்ணிட்டு வா" என்றார்.

இரண்டு வாரம் தேடினேன். டிகிரியா ரேடியனா என்று பார்த்தேன். 1/3 என்பதை முழு எண் வகுத்தலாக எடுத்துப் பூஜ்யம் ஆக்கிவிட்டதோ என்று பார்த்தேன். அடைப்புக்குறியை எண்ணினேன். மூன்று முறை முதலிலிருந்து எழுதினேன். மூன்று முறையும் கொம்பு அதே இடத்தில் நின்றது. கடைசியில் சலித்துப்போய் 500 உறுப்பு கொடுத்தேன், கொம்பு காணாமல் போய்விட்டது! கத்தி வைத்து வெட்டியதுபோல் அழகான சதுரம். பயிற்றுநரும் "பார்த்தியா, உறுப்பு பத்தலை, அவ்வளவுதான்" என்று சொல்லி, செய்முறை ஏட்டில் கையெழுத்துப் போட்டார். 'உறுப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் ஓரத்தில் உள்ள துருத்தல் மறைகிறது' என்று என் கையாலேயே முடிவுரை எழுதினேன். முழு மதிப்பெண்.

அந்த முடிவுரை தவறு. முதலில் சொன்ன "ப்ரோக்ராம்ல தப்பு" என்பதும் தவறு. இரண்டுக்கும் நான் தலையாட்டினேன் என்பதுதான் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

நடந்தது என்ன என்றால், உறுப்பு கூடக் கூடக் கொம்பு ஓரத்தை நோக்கி நகரும், ஒடுங்கும், ஆனால் குட்டையாகாது. 50 உறுப்பில் அதன் உச்சி 1.8 டிகிரியில் இருக்கிறது. நான் 2 டிகிரியில் ஒரு புள்ளி வைத்திருந்தேன், அதனால் கண்ணில் பட்டது. 500 உறுப்பில் உச்சி 0.18 டிகிரிக்குப் போய்விட்டது. என் முதல் புள்ளி 1 டிகிரியில், அங்கே மதிப்பு ஏறத்தாழ 0.996. பூஜ்யம் டிகிரிக்கும் ஒரு டிகிரிக்கும் இடையில் கொம்பு முழு உயரத்தில் நின்றுகொண்டிருந்தது, நான் அதைத் தாண்டிக் குதித்துப் போயிருக்கிறேன். பல வருடம் கழித்து, வேலையில் ஓர் அதிர்வுக் கணக்கைச் சரிபார்க்கும்போது 0.01 டிகிரி இடைவெளியில் வரைந்து பார்த்த அன்றுதான் இது புரிந்தது. கொம்பின் உச்சி 1.179, அச்சு அசலாக.

கணினி வேண்டாம், கையாலேயே போட்டுப் பாருங்கள். மூன்று உறுப்பு, கோணம் 30 டிகிரி. சைன் 30 = 0.5. சைன் 90 = 1, அதில் மூன்றில் ஒன்று 0.333. சைன் 150 = 0.5, அதில் ஐந்தில் ஒன்று 0.1. கூட்டினால் 0.933, அதை 1.273-ஆல் பெருக்கினால் 1.188. ஐந்து உறுப்புக்கு 18 டிகிரியில் 1.182. அப்புறம் எத்தனை ஆயிரம் சேர்த்தாலும் உச்சி 1.179-க்குக் கீழே இறங்காது. −1 முதல் +1 வரை குதிப்பு 2, மிஞ்சியது 0.179, அதாவது குதிப்பில் சுமார் 9 சதவீதம். எந்தக் காலமுறைச் சார்பில் குதிப்பு இருந்தாலும் இதே 9 சதவீதம்தான்.

இதற்குக் கிப்ஸ் நிகழ்வு என்று பெயர். 1898-இல் அமெரிக்க இயற்பியலாளர் மைக்கல்சன், 80 உறுப்புகளைக் கூட்டி வரையும் ஓர் எந்திரத்தை ஸ்ட்ராட்டனோடு சேர்ந்து உருவாக்கியிருந்தார். அதே ஆண்டு குதிப்பு உள்ள சார்புகளின் தொடர் பற்றி அவர் 'நேச்சர்' இதழுக்கு எழுதிய கடிதத்திலிருந்து ஒரு விவாதம் கிளம்பியது. கிப்ஸ் என்ற அமெரிக்க அறிவியலாளர் முதலில் ஒரு பதில் எழுதி, 1899-இல் அதைத் தானே திருத்தி இந்தக் கொம்பைச் சரியாக விளக்கினார். முதலில் எழுதியதில் விட்டதை அதே இதழில் வெளிப்படையாகத் திருத்திய அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை. வில்பிரகாம் என்ற ஆங்கிலேயர் 1848-லேயே இதைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார் என்பதும் உண்மை, ஆனால் அது யார் கவனத்திலும் நிற்கவில்லை.

ஃபூரியருக்கே இந்த மூலை விஷயத்தில் எதிர்ப்பு வந்தது. 1807-இல் வெப்பம் பரவுவதைப் பற்றிய தன் கட்டுரையைப் பாரிசில் கொடுத்தபோது, சைன் அலைகளைக் கூட்டி எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதைக் கணிதமேதை லக்ராஞ்ச் ஏற்கவில்லை. ஃபூரியரின் புத்தகம் 1822-இல்தான் வந்தது. எந்தெந்த நிபந்தனையில் தொடர் ஒருங்கும், அதாவது உறுப்பு கூடக் கூட ஒரு மதிப்பை நெருங்கும் என்பதை 1829-இல் டிரிஷ்லே என்ற கணிதர் ஒழுங்காக நிறுவினார். குதிக்கிற இடத்தில் தொடர் இரண்டு பக்கத்து மதிப்புகளின் நடுவில் போய் நிற்கும், நம் சதுர அலைக்கு அது பூஜ்யம்.

இங்கே யாராவது "எல்லாப் புள்ளியிலும் ஒருங்குகிறது என்றும் சொல்கிறாய், கொம்பு போகாது என்றும் சொல்கிறாய்" என்று கேட்பீர்கள், தெரியும். இரண்டும் சரிதான். ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றால், கொம்பு உங்களைக் கடந்து ஓரத்துக்குப் போய்விடும், உங்கள் புள்ளியில் மதிப்பு 1-ஐ நெருங்கும். மொத்தப் படத்தையும் ஒரே நேரத்தில் பார்த்தால், எங்கேயோ ஓரிடத்தில் கொம்பு எப்போதும் இருக்கும்.

அப்படியானால் 'தோராயம்' என்பதற்கு என்ன பொருள்? பிழையின் வர்க்கத்துக்கு ஒரு சுற்று முழுக்கச் சராசரி எடுத்தால், அதை இருப்பதிலேயே குறைவாக வைப்பது ஃபூரியர் குணகங்கள்தான், அதே அலைகளை வைத்து வேறு எந்த எண் போட்டாலும் இதைவிடக் குறையாது. புதிய உறுப்பு சேர்க்கும்போது பழைய குணகத்தைத் தொடவும் தேவையில்லை. சதுர அலையின் ஆற்றலில், அதாவது மதிப்பின் வர்க்கத்தின் சராசரியில், முதல் உறுப்பு மட்டுமே 81 சதவீதம் கொடுத்துவிடும், இரண்டு சேர்ந்தால் 90, பத்து சேர்ந்தால் 98. கொம்பு ஒல்லியாகிக்கொண்டே போவதால் இந்தச் சராசரிக் கணக்கில் அதன் பங்கு கரைந்துவிடுகிறது.

என் வேலையில் இந்தக் கணக்குதான் சோறு போடுகிறது. சுழல் தண்டில் எடை ஒரு பக்கமாக ஏறியிருந்தால் அதிர்வில் சுழற்சி வேகத்து அலை ஓங்கும். இரண்டு தண்டுகள் நேர்கோட்டில் இல்லை என்றால் இரண்டு மடங்கு அலை தலைதூக்கும். குணகத்தைப் பார்த்தே இயந்திரத்தைத் திறக்காமல் பேச முடியும். ஆனால் இவ்வளவு பார்த்துப் படம் போட்டுக் கொடுத்தால், கூட்டத்துக்குப் போவதற்குள் யாரோ அதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று வட்டமாக மாற்றிவிடுகிறார்கள். ஒரு முறை நான் குறித்துக் கொடுத்த ஒற்றை முள்ளை 'அழகாக இல்லை' என்று வழவழப்பாக்கி அனுப்பியிருந்தார்கள். அந்த முள்தான் செய்தி! உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மேலே இருப்பவர்களுக்கு நேரமில்லை என்பார்கள், எனக்கும் அது புரிகிறது, அதற்காக அளந்ததை அழிக்கலாமா?

சரி, எத்தனை உறுப்பு போதும்? சார்பு எவ்வளவு வழவழப்பு என்பதைப் பொறுத்தது. முக்கோண அலையில் மூலை உண்டு, குதிப்பு இல்லை. அதன் குணகங்கள் 1, 1/9, 1/25 என்று விரைவாகச் சரியும், கொம்பே வராது, மூன்று உறுப்பிலேயே உச்சியில் பிழை 7 சதவீதத்துக்குள் வந்துவிடும். குதிப்பு இருந்தால் 1, 1/3, 1/5 என்று ஆமை வேகம்தான். சராசரிப் பிழை போதும் என்றால் பத்து இருபது உறுப்பில் நிறுத்துங்கள். கொம்பே கூடாது என்றால், உறுப்பே சேர்க்காதபோது உள்ள பூஜ்யம், ஒரு உறுப்பு வரை, இரண்டு உறுப்பு வரை, மூன்று உறுப்பு வரை என்று கிடைக்கும் கூட்டுத்தொகைகள் எல்லாவற்றுக்கும் சராசரி எடுங்கள். 1900-இல் ஃபெயேர் என்ற கணிதர் காட்டிய வழி இது. எல்லையை ஒருபோதும் தாண்டாது, பதிலுக்கு ஓரம் செங்குத்தாக ஏறாமல் கொஞ்சம் சாய்ந்து ஏறும்.

உங்கள் படத்தை இன்னொரு முறை திறந்து பாருங்கள். 90-ஐ நீங்கள் சேர்த்த உறுப்புகளின் எண்ணிக்கையால் வகுங்கள், வருகிற டிகிரியில்தான் கொம்பின் உச்சி இருக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு புள்ளி விழும்படி இடைவெளியைக் குறைத்து வரையுங்கள். மதிப்பு 1.18 பக்கம் வந்தால் ப்ரோக்ராமில் கை வைக்காதீர்கள். யாராவது தப்பு என்று சொன்னால் 30 டிகிரிக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள்.