பிட்ஜினும் கிரியோலும் உடைந்த மொழிகள்தானே, எப்படி உருவாகின்றன?

"உடைந்த மொழி" என்று நீங்கள் கேட்டிருப்பதால்தான் எழுதுகிறேன். நீங்களும் வெளியூருக்குப் பிழைக்கப் போய் யாரிடமோ பேச்சு வாங்கியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது.

நான் மும்பை தாராவியில் வளர்ந்தவள். அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தோல் கம்பெனியில் வேலை பார்த்தார். கூட இருந்தவர்கள் உ.பி.காரர்கள், மராட்டியர்கள், நம்ம ஊர்க்காரர்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு ஹிந்தி, அதில் ஆண்பால் பெண்பால் கிடையாது, ஆண் வந்தாலும் பெண் வந்தாலும் "ஆயா"தான், அதாவது "வந்தான்". நான் பத்தாவது தேறிய அன்று பள்ளிக்கூடத்தில் அப்பா "மேரா லட்கி பாஸ் ஹோ கயா" என்றார், "என் பெண் பாஸாகிவிட்டாள்" என்று சொல்ல நினைத்து. பெண்பாலுக்கு "மேரி", "கயி" என்று வர வேண்டும். டீச்சர் அத்தனை பேர் முன்னால் சிரித்துவிட்டார். அப்பா அதற்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வரவே இல்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். பல மொழிக்காரர்கள் ஒரே இடத்தில் வேலைக்கோ வியாபாரத்துக்கோ கூடும்போது, சொற்களைப் பெரும்பாலும் அதிகாரம் உள்ளவர்களின் மொழியிலிருந்து எடுத்துக்கொண்டு, காரியத்துக்கு உதவாத இலக்கணத்தை உதறிவிடுவார்கள். அது பிட்ஜின், யாருக்கும் தாய்மொழி இல்லை. பிள்ளைகள் அதிலேயே வளர்ந்து அதைத் தாய்மொழியாக்கிக்கொண்டால் கிரியோல். ஹவாய் கரும்புத் தோட்டங்களில் சீனர், போர்த்துகீசியர், ஜப்பானியர், பிலிப்பினோக்கள் என்று கூலிக்கு வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் சேர்ந்து விளையாடக் கையில் இருந்தது அந்தத் தோட்டத்து ஆங்கிலம்தான், அதையே முழு மொழியாக வளர்த்துவிட்டார்கள். பப்புவா நியூகினியில் இப்படிப் பிறந்த டோக் பிசின் மொழியில் "பைம்பை" என்றால் "பிறகு". பேசப் பேச அது "பை" என்று தேய்ந்தது, அதையே தாய்மொழியாகப் பேசும் பிள்ளைகள் இன்னும் வேகமாக உச்சரித்து வினையோடு ஒட்டவைக்கிறார்கள். இப்போது அது எதிர்காலத்தைக் காட்டும் குறி. 800க்கு மேல் மொழிகள் உள்ள அந்த நாட்டில் டோக் பிசின் ஆட்சிமொழிகளில் ஒன்று.

மொழியியல் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், பம்பாய் ஹிந்தியை கிரியோல் என்று நான் சொல்லவில்லை. எங்களுக்கு வீட்டில் தமிழ் இருந்தது, பள்ளியிலும் சினிமாவிலும் முழு ஹிந்தி கிடைத்தது, அதனால் அப்பாவின் ஹிந்தியை நாங்கள் எடுத்து வளர்க்கவில்லை. ஆனால் அதற்கும் ஒழுங்கு இருந்தது, அதை உடைந்தது என்று சொல்லாதீர்கள்.

அப்புறம், கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அப்பா ஓய்வு பெற்றபோது பிஎஃப் தாளில் பெயரில் ஓர் எழுத்து தப்பு. எழுதியவர் சுத்தமான ஹிந்தி பேசுகிறவர். திருத்த இரண்டு வருடம் அலைந்தோம். ஒவ்வொரு தடவையும் அந்த ஆபீஸில் அப்பாவை வாய் திறக்க விடாமல் நானே பேசினேன்.