அப்பாவைப் பற்றி ஆராய்ச்சியா?

சுங்கை சிப்புட் வட்டார வாசகர்களின் கேள்விகளும் டீச்சரின் பதில்களும்

கேள்வி: டீச்சர், செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தில் மனித மேம்பாடும் குடும்பவியலும் படித்து முடிக்கப்போகிறேன். அடுத்து மாஸ்டர்ஸ், அப்புறம் பிஎச்டி. தோட்டத்துக் குடும்பங்களில் அப்பாக்கள் பிள்ளைகளோடு எப்படி இருக்கிறார்கள் என்று ஆராய ஆசை. "அப்பாவைப் பத்தி ஆராய என்ன இருக்கு, இதுக்கு யாரு சம்பளம் கொடுப்பா?" என்கிறார் மாமா. என் அப்பா செம்பனை லாரி ஓட்டுகிறார், அவர் ஒன்றும் சொல்லவில்லை. என்ன செய்யட்டும்?
- மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: படிம்மா. ஆராய என்ன இருக்கிறது என்று கேட்டால், உலகம் முழுக்க நிறைய விடுபட்டுக் கிடக்கிறது. 1951-இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் போல்பி உலக சுகாதார நிறுவனத்துக்குக் கொடுத்த அறிக்கை குழந்தைக்குத் தாய் எவ்வளவு முக்கியம் என்று பேசியது, அதற்குப் பிறகு வெகுகாலம் பிள்ளையைப் பற்றி ஏதாவது தெரியவேண்டும் என்றால் அம்மாவைத்தான் கேட்டார்கள். அப்பாவை எல்லாரும் மறந்துவிட்டோம் என்று உளவியல் ஆய்வாளர் மைக்கேல் லேம்ப் எழுதியது 1975-இல். அவரும் கூட்டாளிகளும் பிறகு அப்பாவின் பங்கை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள்: பிள்ளையோடு நேராகச் செலவிடும் நேரம், கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருப்பது, பொறுப்பைத் தலையில் சுமப்பது. இந்த மூன்றாவதுதான் உன் ஆராய்ச்சிக்கு உயிர் என்று நினைக்கிறேன். அடுத்த தடுப்பூசி எந்தத் தேதி என்று கிளினிக் புத்தகத்தைப் பார்க்காமல் வீட்டில் யார் சொல்வார்? பள்ளியிலிருந்து போன் வந்தால் யாருக்கு வருகிறது? நல்ல அப்பாவா, கெட்ட அப்பாவா என்று மட்டும் கேட்டுவிடாதே. அது ஆராய்ச்சி இல்லை, தீர்ப்பு.

அப்பாவின் குணத்தை விட அவருடைய வேலை நேரத்தை முதலில் பார். ரப்பர் காலத்தில் விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், அம்மாவும் அப்பாவும் ரப்பர் மரம் சீவ இறங்கினால் பிள்ளை ஆயாக் கொட்டகையில் இருக்கும், மதியத்துக்கு மேல் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு இருவரும் வீடு திரும்பிவிடுவார்கள். இன்றைக்குத் தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன, சில நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன, நம் ஆட்கள் தாமான் என்கிற அந்த வீடமைப்புப் பகுதிகளுக்கு வந்துவிட்டார்கள், அப்பா லாரியிலோ பாக்டரி நைட் ஷிப்டிலோ பாதுகாவலர் வேலையிலோ இருக்கிறார். பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் அவர் எத்தனை மணி நேரம் வீட்டில் இருக்கிறார்? அதை அம்மாவை மட்டும் கேட்டு எழுதாமல் அப்பாவையும் கேள், பிள்ளையையும் கேள். உன் அப்பா மாதிரி வாய் திறக்காதவர்களிடம் கேள்வித்தாளை நீட்டினால் "எல்லாம் சரியாத்தான் போகுது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நேற்று காலையிலிருந்து ராத்திரி வரை என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டால் பேசுவார்கள்.

பல்கலைக்கழக நெறிமுறைக் குழு அனுமதி தரவேண்டும், பெற்றோர் சம்மதம் வேண்டும், பிள்ளையும் சரி சொல்லவேண்டும். அது தாளில் முடிகிற வேலை. ஊருக்குள் இன்னும் கவனம் தேவை. ஒரு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், லாரி ஓட்டுகிறவர் ஒருவர்தான் என்றால் பெயரை மாற்றி எழுதினாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சம்பளம் பற்றி மாமா கேட்டது நியாயம்தான். விரிவுரையாளர் இடங்கள் குறைவு, பிஎச்டி முடித்தபின் ஒப்பந்த வேலையில் காத்திருக்க நேரலாம். அதனால் புள்ளியியலை விடாமல் படி. எல்பிபிகேஎன் என்று நாம் சொல்லும் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் 1974 முதல் சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறை குடும்பங்களைக் கணக்கெடுத்து வருகிறது, அந்த மாதிரித் தரவுகளை அலசத் தெரிந்தவளுக்குப் பல்கலைக்கழகத்துக்கு வெளியிலும் வேலை உண்டு. எழுதி முடித்ததும் தமிழில் நாலு பக்கம் எழுதி, உனக்கு நேரம் கொடுத்த வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடு.

கேள்வி: நான் செம்பனைக் குலை அறுக்கிறேன், அறுத்த அளவுக்குத்தான் சம்பளம். இரண்டு மாதத்தில் எங்களுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. "உனக்கெல்லாம் லீவு கிடையாது" என்கிறார் வேலையை மேற்பார்க்கும் மண்டோர். உண்மையா?
- வாசகர்

பதில்: தப்பு, தம்பி. 2023 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் வேலைச் சட்டப்படி மணமான ஆண் தொழிலாளிக்கு ஒவ்வொரு பிரசவத்துக்கும் தொடர்ந்து 7 நாள் சம்பளத்தோடு லீவு உண்டு, ஐந்து பிரசவம் வரை. அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்கவேண்டும், பிரசவத்துக்கு 30 நாளாவது முன்னால் சொல்லிவிடவேண்டும், ஆக இந்த வாரமே எழுத்தில் கொடுங்கள், நகல் ஒன்று கையில் இருக்கட்டும். அளவுச் சம்பளம் என்பதால் உரிமை போய்விடாது. முந்தைய சம்பளக் காலத்தில் வாங்கியதை வேலை செய்த நாட்களால் வகுத்து ஒரு நாள் சம்பளத்தைக் கணக்கிடுவார்கள். மறுத்தால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். ஒன்று மட்டும் பாருங்கள்: உங்கள் முதலாளி தோட்டமா, கண்ட்ராக்டரா? கண்ட்ராக்டர் மாறிக்கொண்டே இருந்தால் அந்த 12 மாதக் கணக்கில்தான் சிக்கல் வரும்.

கேள்வி: எங்கள் காலத்தில் ஒரு நாள் லீவுகூட இல்லை, பிள்ளைகள் வளரவில்லையா? இப்போது 7 நாள் போதாதா?
- ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்)

பதில்: வளர்த்தீர்கள் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு அக்கா வெந்நீர் வைத்தார், பாட்டி குளிப்பாட்டினார், லயமே ஓடி வந்தது. இன்று தாமான் வீட்டில் தையல் பிரியாத வயிற்றோடு பிள்ளை பெற்றவள் தனியாக இருக்கிறாள். நார்வேயில் 1993-இல் நான்கு வாரத்தை அப்பாவுக்கென்றே ஒதுக்கி, அவர் எடுக்காவிட்டால் அது குடும்பத்துக்கே இல்லை என்று வைத்தார்கள். அதுவரை லீவு எடுத்த அப்பாக்கள் மிகச் சிலர், சில ஆண்டுகளில் பெரும்பாலானோர் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆண்களுக்கு மனசில்லாமல் இல்லை, சட்டம் இடம் கொடுக்கவேண்டும். அதனால் 7 நாள் போதாது என்றுதான் சொல்வேன். சொந்தமாக லாரி ஓட்டுகிறவருக்கும் கடை போட்டிருக்கிறவருக்கும் அந்த ஏழும் கிடையாது.