எந்த ப்ராசஸர் என்று கேட்டார்களாம்

குரோம்பேட்டையிலிருந்து எழுதிய அப்பாவுக்கு,

ஓஎம்ஆர் நேர்காணலில் உங்கள் மகள் திணறிய கேள்வியை அப்படியே எழுதி அனுப்பினீர்களே, நல்லதாயிற்று. ‘லோடு பேலன்சரில் உன் ஸ்கிரிப்ட் எந்த ப்ராசஸரில் ஓடுகிறது, எப்படிக் கண்டுபிடிப்பாய்?’ இதற்காக 45,000 ரூபாய் கட்டி கோர்ஸில் சேர்க்கட்டுமா என்கிறீர்கள். வேண்டாம் சார். அதில் கொஞ்சம் எடுத்து ரிச்சி ஸ்ட்ரீட்டில் அவள் லேப்டாப்புக்கு ரேம் வாங்கிப் போடுங்கள்.

பதில் சின்னதுதான். லோடு பேலன்சர் என்பது வரும் ரிக்வெஸ்ட்டுகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி; எஃப்5 பிக்-ஐபி அதில் ஒன்று. அதில் எழுதும் ஸ்கிரிப்ட்டான ஐரூலுக்குள் ‘டிஎம்எம் சிஎம்பி யூனிட்’ கட்டளையை லாகில் எழுதவிட்டால் ஸ்கிரிப்ட் எந்த டிஎம்எம்மில் ஓடுகிறதோ அதன் எண் 0, 1, 2 என்று விழும். லாக் வரியிலேயே டிஎம்எம்1, டிஎம்எம்2 என்ற பெயரும் இருக்கும். மனப்பாடம் செய்ய ஐந்து நிமிடம் போதும். ‘சரி, அது ஏன் தெரிய வேண்டும்?’ என்று அடுத்து கேட்பார்கள் பாருங்கள், பிள்ளைகள் வழுக்கி விழுவது அங்கேதான்.

அந்தப் பெட்டியில் ட்ராஃபிக்கைக் கையாளும் டிஎம்எம், பொதுவாக ப்ராசஸரின் ஒவ்வொரு கோருக்கும் ஒன்றாக ஓடும்; ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகம். ரேஷன் கடையில் நாலு கவுன்டர், நாலு நோட்டு, ஒருவர் நோட்டை இன்னொருவர் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஒரு ஐபிக்கு நிமிடத்துக்கு 10 ரிக்வெஸ்ட்’ என்று, டிஎம்எம்முக்கு டிஎம்எம் தனியாக இருக்கும் ஸ்டாட்டிக் வேரியபிளில் எண்ணினால், நாலு டிஎம்எம்மும் தனித்தனியே பத்துப் பத்தாக விட்டு 40 வரை உள்ளே போய்விடும். சரி, எல்லாவற்றுக்கும் பொதுவான குளோபல் வேரியபிள் வைப்போம் என்றால், பெட்டி அந்த விர்ச்சுவல் சர்வரையே (ரிக்வெஸ்ட்டுகள் வந்து சேரும் முகவரியையே) ஒற்றை டிஎம்எம்மில் தள்ளிவிடும். மற்றவை சும்மா நிற்க, அது ஒன்று மட்டும் மூச்சுவாங்கும். பொதுக் கணக்குக்கு, எல்லா டிஎம்எம்மும் பகிர்ந்துகொள்ளும் ‘டேபிள்’ கட்டளைதான். இதைச் சொல்பவரைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

அந்தப் பெட்டியை வீட்டில் வாங்கி வைக்க முடியாது. ஆனால் லுவா மொழியில் ஸ்கிரிப்ட் எழுதக்கூடிய வெப் சர்வரான ஓபன்ரெஸ்டி இலவசம். நாலு வொர்க்கர் (ரிக்வெஸ்ட்டைக் கையாளும் ப்ராசஸ்) வைத்து, லுவாவில் வொர்க்கர் ஐடியையும் ஒரு கவுன்டரையும் அச்சிட்டுப் பார்க்கட்டும். பிரவுசரில் ரீஃப்ரெஷ் செய்தால் இணைப்பு மாறாமல் ஒரே எண் வந்து ஏமாற்றும். கர்ல் என்ற கட்டளையில் நூறு முறை தனித்தனியாக அடிக்க வேண்டும், கான்ஃபிக் ஃபைலின் லிசன் வரியில், இணைப்புகளை வொர்க்கர்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் ரீயூஸ்போர்ட்டும் சேர்க்க வேண்டும். இன்னொன்று: வொர்க்கர் எண் வேறு, சிபியு எண் வேறு. ஒரு சிபியுவோடு கட்டிப்போடாவிட்டால் லினக்ஸ் வொர்க்கரை வேறு சிபியுவுக்கு இடம் மாற்றலாம். ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையின் பிஎஸ்ஆர் பத்தியில் அது தெரியும். இந்த வித்தியாசத்தை அவளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

கடைசியில் கவுன்டரை எல்லா வொர்க்கரும் பகிரும் ஷேர்டு டிக்‌ஷனரிக்கு மாற்றி, மொத்தம் சரியாக 100 வருகிறதா என்று பார்த்து, அந்த எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு சனிக்கிழமை வரச் சொல்லுங்கள். நீங்கள் கூட வர வேண்டாம் சார், அவள் மட்டும் வரட்டும்.