டிரையலில் சேர்க்கச் சொல்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 58. கன்னத்தின் உள்பக்கம் புற்றுநோய் வந்து ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடித்தோம். ஒரு வருடம்கூட ஆகவில்லை, கழுத்தில் திரும்ப வந்துவிட்டது. சென்னையில் காட்டும் மருத்துவமனையில் புது மருந்துக்கு கிளினிக்கல் டிரையல் நடக்கிறது, விருப்பம் இருந்தால் சேரலாம் என்று ஒரு கட்டு பேப்பரைக் கொடுத்தார்கள். அப்பாவைச் சோதனை எலி ஆக்கிவிடுவார்கள் என்று அம்மா அழுகிறார். இதற்கிடையே லாட்ஜில் பழக்கமான ஒருவர், ஒன்றரை லட்சம் கட்டினால் வெளிநாட்டு மருந்து டிரையலில் இடம் வாங்கித் தருவதாகவும், அதில் எல்லோருக்கும் நிஜ மருந்துதான் என்றும் சொல்கிறார். என்ன செய்வது? (திண்டுக்கல் மாவட்ட வாசகர்)

பதில்: லாட்ஜ்காரரை முதலில் முடித்துவிடுவோம். டிரையலில் இடம் வாங்கித் தருவது என்று ஒரு தொழிலே கிடையாது. மருந்து கம்பெனி நடத்தும் சோதனையில் சோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்க மாட்டார்கள், பதிவுக் கட்டணம், சீட்டுக் கட்டணம், கூரியர் கட்டணம் எதுவும் கிடையாது. உங்கள் அப்பா சேரலாமா என்பதை ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் இதுவரை எடுத்த சிகிச்சையின் விவரமும்தான் முடிவு செய்யும், சிபாரிசு அல்ல. டிரையலில் நோயாளிகளின் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் எத்திக்ஸ் கமிட்டிக்கு வந்த ஒரு புகாரில் ஒரு குடும்பம் ரசீது கொண்டுவந்து காட்டியது. மருத்துவமனை பெயர் மாதிரியே ஒரு பெயர், ஒரு வட்ட முத்திரை, தொகைக்கு நேரே ‘நன்கொடை’ என்று எழுதியிருந்தது. நன்கொடை என்று வாங்கிய பணத்தை எந்தப் போலீஸ் ஸ்டேஷனில் போய் எளிதாகத் திருப்பிக் கேட்பது? அந்த ஆட்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஸ்டெம் செல் ஊசி, நோய் எதிர்ப்புச் சக்தி ஊசி என்று இன்னொரு கூட்டம் இதே லாட்ஜ் தெருக்களில் சுற்றுகிறது. ஸ்டெம் செல் சில ரத்த நோய்களுக்குத்தான் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை, கன்னப் புற்றுநோய்க்கு இல்லை. இன்னொன்று, இந்த ஆட்கள் தரும் ஊசியை ஒரு தடவை போட்டுக்கொண்டாலும் அதையே காரணம் காட்டி உண்மையான டிரையலில் அப்பாவைத் தகுதியில்லை என்று ஒதுக்க வாய்ப்பு உண்டு. காசும் போய் வழியும் அடைபடும்.

‘எல்லோருக்கும் நிஜ மருந்து’ என்று லாட்ஜ்காரர் சொன்னதையும் அப்படியே நம்பாதீர்கள். பெரிய அளவில் நடக்கும் டிரையலில் யாருக்குப் புது மருந்து, யாருக்கு வழக்கமான சிகிச்சை என்பதை கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். டாக்டர் நினைத்தாலும் மாற்ற முடியாது. ஆனால் புற்றுநோயில் வெறும் சர்க்கரை மாத்திரை கொடுத்து உட்காரவைப்பார்கள் என்று பயப்பட வேண்டாம். பொதுவாக எல்லோருக்கும் இன்றைக்கு உள்ள சிகிச்சை உண்டு, ஒரு பாதிக்கு அதோடு புது மருந்தும் சேரும்.

உங்கள் அப்பாவுக்கு இருப்பது போன்ற நோயிலேயே ஒன்று சொல்கிறேன். மும்பை டாடா மெமோரியலில், தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் முற்றியோ திரும்பியோ வந்த 151 பேரைச் சேர்த்தார்கள். எல்லோருக்கும் குறைந்த விலை கீமோ மருந்துகள், குலுக்கலில் வந்த பாதிப்பேருக்கு மட்டும் அதோடு நிவோலுமாப் என்கிற இம்யூனோதெரபி ஊசி, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் திருப்பிவிடும் மருந்து. அதுவும் முழு அளவு இல்லை. வழக்கமாக இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம் போடும் ஊசியை மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் போட்டார்கள், ஏனென்றால் முழு அளவின் விலை நம் ஊரில் அநேகம் பேருக்குக் கட்டுப்படியாகாது. ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், ஊசி இல்லாத பக்கம் நூற்றுக்குப் பதினாறு பேர், ஊசி போட்ட பக்கம் நாற்பத்து மூன்று பேர். பெரிய வித்தியாசம்தான். ஆனால் நாற்பத்து மூன்று என்றால் ஊசி போட்டும் ஐம்பத்து ஏழு பேரைக் காப்பாற்ற முடியவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள். டிரையல் என்றால் இவ்வளவுதான், அதிர்ஷ்டக் கதவும் இல்லை, அம்மா நினைக்கிற பலிபீடமும் இல்லை.

அம்மாவின் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் வாய்ப் புற்றுநோயாளிகள் மேல் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு மருந்தை முறையான அனுமதிகள் இல்லாமல் சோதித்தது 2001-இல் வெளியே வந்து நாறியது. அதற்கப்புறம் உச்ச நீதிமன்றம் வரை போய்ச் சண்டை போட்டுத்தான் 2013-இல் சட்டம் இறுகியது, 2019-இல் புது விதிகள் முழுசாக வந்தன. டிரையலில் அப்பாவுக்குத் தீவிரமான பாதிப்பு வந்தால் 24 மணி நேரத்துக்குள் டாக்டர் மேலே தெரிவிக்க வேண்டும், அதற்கான சிகிச்சை இலவசம். மருந்தாலோ சோதனையாலோ உயிர் போனாலும் நிரந்தரப் பாதிப்பு வந்தாலும், 8 லட்சத்தை அடிப்படையாக வைத்து, வயதையும் நோயின் நிலையையும் பார்த்து இழப்பீடு கணக்கிடுவார்கள். நோய் தானாக முற்றி இறந்தால் இந்த இழப்பீடு கிடையாது. இந்த ஒரு வரியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, கடைசியில் குடும்பம் எங்களிடம் வந்து நிற்கிறது.

சரி, கையில் இருக்கும் டிரையல் உண்மையா என்று பார்ப்பது எப்படி? பேப்பர் கட்டின் முதல் பக்கத்தில் சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கி வருடம், மாதம், ஒரு எண் என்று வரிசையாக இருக்கும். இந்தியாவில் நடக்கும் டிரையல்கள் பதிவாகும் அரசுப் பதிவேட்டின் எண் அது. பேப்பரில் இல்லை என்றால் கேட்டு வாங்குங்கள். இணையத்தில் அந்த எண்ணைப் போட்டால் எந்தெந்த மருத்துவமனை, பொறுப்பு டாக்டர் யார், எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வந்துவிட்டதா என்பதெல்லாம் வரும். உங்கள் மருத்துவமனையின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். எல்லாம் ஆங்கிலம், தேடும் வசதியோ படுமோசம். ஒரு எழுத்து தப்பினால் ஒன்றும் வராது, சேர்க்கை முடிந்துபோன டிரையலும் திறந்திருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்கும். நோயாளிக்காக வைத்த பதிவேட்டை நோயாளி படிக்க முடியாதபடி வைத்திருப்பதில் நம் ஆட்களுக்கு ஈடு இல்லை. கல்லூரியில் படிக்கும் பிள்ளை யாராவது வீட்டில் இருந்தால் உட்காரவையுங்கள்.

அப்புறம் கையெழுத்து. அங்கேயே, அப்போதே போட வேண்டாம். ‘இன்றைக்கே போட்டால்தான் இடம்’ என்று டிரையல் வேலைகளைக் கவனிக்கும் கோஆர்டினேட்டர் சொன்னாலும் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க வேண்டும் என்று சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. தமிழில் தரச் சொல்லுங்கள். அந்தத் தமிழ் கருங்கல்லைக் கடிப்பது போல இருக்கும், அதற்கும் தயாராக இருங்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் அப்பா, நீங்கள் அல்ல. அவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் டிரையலோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருக்க வேண்டும். நகல் ஒன்று கட்டாயம் உங்கள் கைக்கு வர வேண்டும். பாதியில் வேண்டாம் என்றால் விலகலாம், அதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பதென்றால் இதைக் கேளுங்கள்: ‘நாங்கள் சேரவில்லை என்றால் நாளைக்கு அப்பாவுக்கு என்ன கொடுப்பீர்கள்?’ அதற்குத் தெளிவாகப் பதில் வந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கம்பெனி மருத்துவமனைக்கு நோயாளி ஒருவருக்கு இவ்வளவு என்று தொகை கொடுக்கும். அது குற்றமில்லை, ஆனால் டாக்டரின் ஆர்வத்தை எடைபோடும்போது அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறைய பேர் ஏமாறுவது இன்னொரு இடத்தில். மருந்து வேலை செய்கிறது, கட்டி கரைகிறது, டிரையல் முடிந்துவிட்டது. அப்புறமும் இலவசமாகத் தருவார்களா? தருவார்கள் என்று வாய்வார்த்தையாகச் சொல்வார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. அந்த நோய்க்கு வேறு சிகிச்சை இருக்கக் கூடாது, அப்பாவுக்கு இந்த மருந்தால் பலன் இருப்பதாக டிரையல் டாக்டர் சொல்லிப் பரிந்துரைக்க வேண்டும், எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் தர வேண்டும், அதற்கப்புறம் ஏதாவது ஆனால் கம்பெனி பொறுப்பில்லை என்று நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். இத்தனையும் சேர்ந்தால்தான் கம்பெனி இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். இதில் ‘வேறு சிகிச்சை இல்லை’ என்பதுதான் முள். ஏதோ ஒரு பழைய கீமோ பெயருக்கு இருந்தாலும், வேறு சிகிச்சை இருக்கிறதே என்று கையை விரிக்க இடம் இருக்கிறது. அதனால் சேரும்போதே கேளுங்கள், பதிலைப் பேப்பரில் காட்டச் சொல்லுங்கள். பேப்பரில் இல்லாததை எண்ணி நிலத்தையோ நகையையோ கணக்குப் போடாதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால், எண்ணும் அனுமதியும் சரியாக இருந்து, அப்பா நடமாடிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டு இருக்கிற நிலையில் இருந்தால், சேர்வது பற்றி அவரையே உட்காரவைத்துப் பேசுங்கள். ஊருக்கும் சென்னைக்கும் வந்துபோகும் செலவைக் கம்பெனி தருமா, எப்போது தரும் என்பதையும் கேட்டுவிடுங்கள், பில்லைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் அலைபவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் ஆபரேஷன் வேறு மருத்துவமனையில் நடந்திருந்தால், அங்கே எடுத்த சதையின் மெழுகுக் கட்டி, அவர்கள் பிளாக் என்பார்கள், அதைக் கேட்டு இன்றைக்கே எழுதிக் கொடுங்கள். பெரும்பாலான டிரையல்களில் அதைக் கேட்பார்கள். பழைய பிளாக்கை லேபில் தேடி எடுக்கவே நாட்கள் ஓடிவிடும், அதற்குள் சேர்க்கும் தேதி முடிந்தால் யாரும் உங்களுக்காகத் தள்ளிவைக்க மாட்டார்கள்.