மிளகாய்ச் செடிக்கு எந்தத் தொட்டி சரி, எவ்வளவு பெரியது வேண்டும்?

என்ன தொட்டி என்பதைவிட எத்தனை லிட்டர் மண் பிடிக்கும் என்பதுதான் முக்கியம். சின்ன ரகக் காரமிளகாய்க்கு 10 லிட்டர் போதும். குடைமிளகாய்க்கு 15 முதல் 20 லிட்டர் வரை இருந்தால் நல்லது. ஆழம் ஓர் அடியாவது வேண்டும். தொட்டி சிறியதானால் வேர் சுருண்டுகொள்ளும். வெயிலில் மண் சீக்கிரம் காயும். செடி வாடி வாடியே பூவை உதிர்த்துவிடும்.

அதற்காக நாற்றை நேரே பெரிய தொட்டியில் வைக்கவும் வேண்டாம். வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி அழுகல் வரலாம். முதலில் சின்னக் கப், ஏழெட்டு இலை வந்ததும் பெரிய தொட்டி.

மண்தொட்டி வேருக்குக் காற்றோட்டம் தரும், ஆனால் அடிக்கடி தண்ணீர் கேட்கும். பிளாஸ்டிக் ஈரம் காக்கும். கறுப்பு நிறம் மட்டும் கடும் வெயிலில் வேரைச் சுட்டுவிடும். என் ஓட்டு செடி வளர்க்கும் துணிப்பைக்குத்தான் (grow bag). துணி வழியே வேர் நுனி காற்றுப்பட்டு, நீள்வது நின்று, பக்கவேர்கள் நிறைய விடும்.

எதுவானாலும் அடியில் நாலைந்து துளை கட்டாயம். அப்புறம், வடிகாலுக்கு என்று அடியில் சரளை போடுவார்கள், அதனால் பயனில்லை. நீர் சரளைக்கு மேலுள்ள மண்ணிலேயே தங்கும், வேருக்கான இடம்தான் குறையும்.