கடலுக்கு ஐந்தொகை போடும் படிப்பு

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

வணக்கம். காட் மீனைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தைப் பார்த்த நாளிலிருந்து மீன்வள ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்று தங்கள் மகள் உறுதியாக நிற்பதாகவும், அதற்கு உயிரியல் போதும் என்று எண்ணிப் பதினொன்றாம் வகுப்பில் கணிதத்தை விட்டுவிட விரும்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். நம் கடலில் இல்லாத மீனைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்ற தங்கள் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் கணிதத்தைப் பற்றிப் பேச வேண்டும். தங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அது ஒன்றுதான்.

முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, வராக்கடன் எவ்வளவு என்று பார்த்து ஆண்டு முடிவில் ஐந்தொகை போட்ட குடும்பங்கள் நம்முடையவை. மீன்வள ஆராய்ச்சியின் மையமும் அதுவேதான். கடலில் இருக்கும் மீன் முதல்தொகை. ஆண்டுதோறும் புதிதாகப் பிறந்து வளர்ந்து சேர்வது வட்டி. வட்டியளவுக்குப் பிடித்தால் தொழில் தலைமுறைக்கும் நிற்கும். முதல்தொகையில் கைவைத்தால் சில ஆண்டுகளில் கடை மூட வேண்டியதுதான். இதில் உள்ள பெரிய சிக்கல், அந்த முதல்தொகையை யாராலும் நேரில் எண்ணிப் பார்க்க முடியாது என்பது. மாதிரி எடுத்து, புள்ளியியலைக் கொண்டு மதிப்பிட வேண்டும்.

அந்த மதிப்பீடு தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடற்பகுதியே சாட்சி. 1968ஆம் ஆண்டில் அங்கே 8 லட்சம் டன்னுக்கு மேல் காட் பிடிபட்டது. 1980களில் கடலில் எவ்வளவு மீன் மிஞ்சியிருக்கிறது என்று கணித்தவர்கள், பெரிய இழுவைக் கப்பல்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு பிடிக்கின்றன என்ற கணக்கைப் பெரிதும் நம்பினார்கள். ஆனால் காட் எண்ணிக்கையில் குறையும்போதும் திரளாகவே கூடும். நவீனக் கருவிகள் கொண்ட கப்பல்கள் அந்தத் திரள்களைத் தேடிப் பிடித்தன. ஆகவே மொத்த மீன் சரிந்துகொண்டே வந்தபோதும் கப்பலின் கணக்கு செழிப்பாகவே தெரிந்தது. கரையோரச் சிறு மீனவர்கள் மீன் குறைகிறது, சிறுத்துப்போகிறது என்று முன்பே முறையிட்டார்கள்; அவர்கள் சொன்னதற்கு உரிய மதிப்புத் தரப்படவில்லை. 1992 ஜூலை 2 அன்று காட் பிடிப்புக்குத் தடை அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு என்று சொல்லப்பட்ட அந்தத் தடை விலக 2024 ஆனது. அப்போதும் அனுமதிக்கப்பட்ட அளவு 18,000 டன்தான். இதைத் தங்கள் மகளிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள். அங்கே தவறிப்போனது கணக்கு என்பது அவளுக்கே விளங்கும்.

உயிரியலுக்கு இடமில்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். காட் மீனின் காதுக்குள் இருக்கும் செவிக்கல்லை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், மரத்தின் ஆண்டு வளையங்கள் போன்ற வளையங்களைக் கொண்டு வயதைச் சொல்லிவிடலாம். பெரிய பெண் மீன் ஒரு பருவத்தில் பல பத்து லட்சம் முட்டைகள் இடும். ஆயினும் சில ஆண்டுகளில் பிறந்த குஞ்சுகள் மட்டும் பெருமளவில் பிழைக்கின்றன. நார்வே அறிஞர் யோஹான் யோர்ட், 1914இல் வெளியிட்ட ஆய்வில், முட்டைக்கருவில் உள்ள உணவு தீர்ந்து குஞ்சு முதன்முதலாக இரை தேடும் அந்தச் சில நாள்கள்தான் இதைத் தீர்மானிக்கக்கூடும் என்றார். நூறாண்டு கடந்தும் அந்தக் கேள்வி முற்றுப்பெறவில்லை. 2011இல் காட் மீனின் மரபணுத் தொகுதி வெளியானபோது, முதுகெலும்புள்ள மற்ற உயிர்களுக்கு நோய் எதிர்ப்பில் இன்றியமையாதது என்று கருதப்பட்ட ஒரு மரபணுக் கூட்டமே அதில் இல்லை என்பது தெரிந்து ஆய்வுலகம் வியந்தது. இப்படிப்பட்ட வியப்பு தங்கள் மகளிடம் இருப்பது பெரிய சொத்து. ஆகவே கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவில் அவளைச் சேருங்கள். மதிப்பெண் சற்றுக் குறைந்தாலும் பாதகமில்லை.

இனி வேலை. காட் குளிர்ந்த வட அட்லாண்டிக் மீன். ஆனால் அதை வைத்து வளர்ந்த முறைகள் உலகமெங்கும் பயன்படுகின்றன. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு மீன்வள அறிவியல் பட்டம் இருக்கிறது. அதற்கு நீட் தேர்வு தேவையில்லை. முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் மும்பையிலுள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் சிறந்தது. நம் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறையே தொண்டியில்தான் இருக்கிறது. 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கு மண்டபத்தில் மையம் உண்டு. அங்கே விஞ்ஞானியாகச் சேரலாம், மாநில மீன்வளத் துறையில் அதிகாரியாகலாம். காட் மீனையே ஆராய வேண்டுமானால் முதுகலைக்குப் பிறகு நார்வேயை நினைக்கலாம். 2023 முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்கள் கட்டணம் பெறுகின்றன. ஆனால் முனைவர் பட்ட ஆய்வு அங்கே சம்பளத்துடன் கூடிய பணி. எனவே இளங்கலைக்கே கடன் வாங்கி வெளிநாடு அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் பாதையில் நிலையான வருமானம் வரப் பத்து ஆண்டுகள்கூட ஆகலாம். இருபத்திரண்டு வயதில் மகள் சம்பாதிக்க வேண்டிய நிலை வீட்டில் இருந்தால் இப்போதே என்னிடம் சொல்லுங்கள். வேறு வழி பார்ப்போம். கப்பலிலேயே காலம் கழியுமோ என்ற பயம் வேண்டாம். ஆய்வுப் பயணங்கள் சில வாரங்களே இருக்கும், மீதிக் காலம் ஆய்வகத்திலும் கணினி முன்னும்தான்.

நம் வெப்பக்கடல் மீன்களின் செவிக்கல்லில் ஆண்டு வளையங்கள் அவ்வளவு தெளிவாகப் பதிவதில்லை. அதனால் இங்கே மீனின் நீளத்தை அளந்தே வயதையும் வளர்ச்சியையும் கணக்கிடுவது வழக்கம். விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 அன்று தொடங்கி 61 நாள்கள் நீடிக்கும். அது தொடங்குவதற்கு முன் ஒரு சனிக்கிழமை காலையில் மகளைத் தொண்டிக்கு அழைத்துச் செல்லுங்கள். தேவகோட்டையிலிருந்து போய் அன்றே திரும்பிவிடலாம். மீன் இறங்கும் இடத்தில் அனுமதி கேட்டு, நூறு காரல் மீன்களை அளவுகோலால் அளந்து, எந்த நீளத்தில் எத்தனை என்று கட்டம் போட்டு எழுதட்டும். அந்த நோட்டுடன் இருவரும் வாருங்கள். அதை வைத்துக்கொண்டு மேற்கொண்டு பேசலாம்.